செவிக்கும் ஒரு பங்கு

நவம்பர் மாதத்தில் வாழ்வுச் சான்று அளிக்க ஓய்வூதியர் பலர் எங்கள் கிளைக்கு வருகின்றனர். கேட்கும் கேள்விக்குச் சிலர் புன்னகையுடன் தலையசைப்பர். விடையை உடன் வந்த மகனோ மகளோ கூறுவர். நாளடைவில் அம்முதியவர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். 'வயதாகிவிட்டது' என்று இதனை ஒதுக்கிவிடுவது சரியன்று.

செவிக்குறை மூளையின் நலனையும் பாதிக்கக்கூடும். தெளிவற்ற ஒலியைப் புரிந்துகொள்ள மூளை மிகுதியாக உழைப்பதும், உரையாடல் குன்றித் தனிமை பெருகுவதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. 2023-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, செவிக்குறையுள்ள 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்றாண்டுகள் ஆராய்ந்தது. அனைவரையும் சேர்த்து நோக்கியபோது செவித்துணைக் கருவியால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஆயினும், அறிவாற்றல் குன்றும் அபாயம் மிகுந்த பிரிவினரில், கருவி பெற்றோருக்கு அக்குறைவின் வேகம் பெறாதோரைவிட 48 விழுக்காடு தணிந்திருந்தது. கருவி மறதிநோயைத் தடுக்கும் என்று உறுதிகூற இயலாது. ஆனால் காலந்தாழ்த்துவதற்கும் நியாயம் இல்லை.

கண்ணாடி அணிய நாணாத நாம் செவிக்கருவிக்கு நாணுகிறோம். வைப்புத்தொகையை உரிய நாளில் புதுப்பிக்கும் முதியோர், அதன் வட்டியில் ஒரு பங்கைத் தம் செவிக்கு ஒதுக்கத் தயங்குகின்றனர். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இக்கருவியை இலவசமாக வழங்குகிறது.

முதலில் காது மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; சில வேளைகளில் காதழுக்கை அகற்றினாலே போதும். பெற்றோருக்காக விடை கூறுவதைக் காட்டிலும், கேள்வி அவர்கள் செவியில் விழச் செய்வதே பிள்ளைகளின் கடமை.