ஸ்கூபா டைவிங் கிளம்புறீங்களா? மருந்து டப்பாவில் என்ன இருக்கணும்... எது இருக்கவே முடியாது?

அடையாறு, தி.நகர் ஆபீஸ் குரூப்களில் 'அந்தமான் போலாமா?' என்பது இப்போது ரொம்ப சகஜமான கேள்வி. நான்கு நாள் லீவ், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஃபிளைட், ஹேவ்லாக் தீவில் ஒரு ஸ்கூபா டைவ். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஈ.சி.ஆர் இருக்கிறது, பாண்டிச்சேரி இருக்கிறது. சன் ஸ்க்ரீனும் கேமராவும் மறக்காமல் பைக்குள் போய்விடும். மருந்து டப்பா மட்டும் 'அதெல்லாம் அங்கேயே இருக்கும்ப்பா' ரகம்.

அங்கே என்ன இருக்கிறது என்பதைத்தான் காசு கட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டும். காரணம், டைவிங்கில் முக்கியமான முதலுதவிப் பொருளை நீங்கள் ஃபிளைட்டில் கொண்டு போகவே முடியாது. அது ஆக்ஸிஜன் சிலிண்டர்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் வரை அமைதியாக இருக்கும். கோலியை அழுத்தியதும் நுரைத்துக்கொண்டு வரும். ஆழத்தில் சுவாசிக்கும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் நம் உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழ்களாக வெளியேறும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், தோலில் திட்டுகள், காரணமே தெரியாத அசதி... இதுதான் டிகம்ப்ரஷன் நோய். 'படகுல ஆடினது, தூங்கினா சரியாகிடும்' என்று பலர் வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். மாத்திரை அறிகுறியை மறைக்கும், நோயை அல்ல. இதற்கான முதலுதவி, மாஸ்க் வழியாக 100 சதவிகித ஆக்ஸிஜன். அடுத்தது, அழுத்த அறை உள்ள மருத்துவமனை. அந்தமானில் அது போர்ட் பிளேரில் இருக்கும் ஐ.என்.எச்.எஸ் தன்வந்தரி என்ற கடற்படை மருத்துவமனை. ஹேவ்லாக்கிலிருந்து கடல் தாண்டிப் போக வேண்டும். எனவே கேள்வி இரண்டு: படகிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறதா? அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் கூட வருகிறாரா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சரி, நம் டப்பாவுக்கு வருவோம். சிவப்பு சிலுவை போட்ட ரெடிமேட் பெட்டி வேண்டாம். அதில் பாதி பஞ்சுதான். ரங்கநாதன் தெருவில் நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் டப்பா கிடைக்கும். தண்ணீர் புகாது.

படகில் முதலில் தேவைப்படுவது வாந்தி மாத்திரைதான். அது தூக்கம் தரக்கூடியது. தூக்கக் கலக்கத்தோடு ஆழத்துக்குப் போகக் கூடாது. அதனால் டாக்டரிடம் கேட்டு, பயணத்துக்கு முன்பே வீட்டில் இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். கச்சேரி ரோடு நாட்டு மருந்துக் கடையில் இஞ்சி மரப்பா வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. எனக்கு மாத்திரையைவிட அதன் மேல்தான் நம்பிக்கை.

அடுத்து காது. புதியவர்கள் அதிகம் சிரமப்படுவது இங்கேதான். சளி இருந்தால் அன்று டைவ் கிடையாது. மூக்கடைப்பு மருந்தைப் போட்டுச் சமாளித்து இறங்கினால், அதன் வேலை தண்ணீருக்கு அடியில் தீர்ந்துபோய், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளலாம். காது வலித்தால் சொட்டு மருந்து, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெய், பட்ஸ் எதுவும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அவை கெடுதல். நேராக டாக்டர்.

ஜெல்லி மீன், நம் மீனவர்கள் 'சொறி' என்பார்களே, அது அந்தமானில் மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் எனும் குட்டிக் கடல் நத்தைகள் ஒதுங்கின. அவை நீலக் குமிழி போல மிதக்கும் 'போர்ச்சுகீஸ் மேன் ஓ வார்' உயிரினத்தைத் தின்று, அதன் கொட்டும் செல்களைத் தங்கள் உடம்பில் சேமித்து வைப்பவை. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுக்காதீர்கள். எது கொட்டினாலும் மணலால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கொட்டாமல் மிச்சமிருக்கும் செல்களையும் அது தூண்டிவிடும். சிறுநீர் கதையை விட்டுவிடுங்கள், ப்ளீஸ். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை ட்வீசரால் எடுக்க வேண்டும். பெட்டி ஜெல்லி மீன் என்றால் முதலில் வினிகர் ஊற்ற வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் 4 சதவிகித வினிகரே போதும். மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ டப்பாவைத் தேடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

திருக்கை, சிங்கமீன், கல்மீன் முள் குத்தினால் மருந்து வெந்நீர்தான். சுமார் 45 டிகிரி சூட்டில், 30 முதல் 90 நிமிடங்கள் வரை முக்கி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துபடாத கையால் பாருங்கள். அடிபட்ட கை மரத்துப்போயிருந்தால் வெந்துபோவதே தெரியாது. ஆக, காபி ஃபிளாஸ்க்கும் ஒரு முதலுதவிப் பொருள்! வலி குறைந்தாலும் அதன்பின் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பவளப்பாறைக் கீறல் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆற நாளாகும். சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, துணுக்குகளை எடுத்துவிட்டு, பொவிடோன் அயோடின் தடவி பேண்டேஜ். டி.டி ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம். ஆஸ்துமா, பி.பி இருப்பவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் இறங்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு டைவிங் கிடையாது.

டப்பாவின் மூடியில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டுங்கள். உங்கள் ரத்த வகை, அலர்ஜி, தினமும் சாப்பிடும் மருந்து, வீட்டு நம்பர், ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல் படைக்கு 1554. டப்பா, தண்ணீரில் இறங்காமல் படகில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.

டிக்கெட் போடும்போதே பார்க்க வேண்டியது இன்னொன்று. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். மேலே கேபின் அழுத்தம் குறையும், மறுபடி சோடா கதைதான். கடைசி நாள் காலையில் டைவ், மதியம் ஃபிளைட் என்ற பிளானை இரண்டாம் நாளுக்கு மாற்றுங்கள். பாண்டிச்சேரியில் டைவ் முடித்து அன்றிரவே கொடைக்கானல் மலை ஏறுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அப்புறம், டப்பாவில் இருக்கும் கத்தரிக்கோலையும் வினிகர் பாட்டிலையும் செக்-இன் பையில் போடுங்கள். மாத்திரைகள் மட்டும் கையோடு இருக்கட்டும்.