துப்பாக்கிக்கு யார் சொல்லைக் கேட்பது?

திருச்சியில் 1966இல் தொடங்கப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை ஊருக்குப் பெருமைதான். ஆனால் 'நம்ம ஊர்த் தயாரிப்பு, உரிமம் இருந்தால் எதையும் வாங்கலாம்' என்று அடித்துச் சொல்பவர்களை நம்பிவிடக் கூடாது. அங்கே உருவான 7.62 மி.மீ. தாக்குதல் ரைபிள் படையினருக்கும் காவல்துறைக்கும் உரியது. சாதாரண உரிமதாரருக்கு 12 போர் பம்ப் ஆக்‌ஷன் போன்ற, தடை செய்யப்படாத வகைகளே கிடைக்கும். மூன்று வைத்துக்கொள்ளலாம் என்பதும் பழைய கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவான வரம்பு இரண்டு. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, காட்டுப்பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கி வாங்கிச் சுட்டுவிடு என்னும் யோசனை. ஆயுத உரிமம் வேட்டை அனுமதி ஆகாது. அந்த விலங்கு 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வழக்கு வந்தால் சிக்குபவர் விவசாயி, யோசனை சொன்னவர் அல்லர்.

பல ஆண்டுகள் ஆயுதம் ஏந்திய முன்னாள் ராணுவத்தினர் சொல்வதும் தவறா என்று கேட்கலாம். கையாளுவதிலும் துடைத்துப் பராமரிப்பதிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்புண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஏந்தியது அரசு கொடுத்த ஆயுதம். குடிமக்களின் ஆயுதத்துக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. பணம் கொடுக்கும் முன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.