லேக் எங்கே சார்?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே போய் நின்று 'லேக் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்திலும் ஏரி போய், 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் மிச்சம்.

பழைய கதை என்று விட்டுவிடலாம். பள்ளிக்கரணை? ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். இடையில் வந்து உட்கார்ந்தவை குப்பைமேடு, ரோடு, கம்பெனி, அபார்ட்மென்ட்.

2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தெருவில் படகு ஓடியபோது அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தோம். நியாயம்தான். ஆனால், ஊருக்கு மேப் போட்டபோது நாம் எங்கே இருந்தோம்?

எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எது நீர்நிலை என்று தீர்மானிப்பது மாஸ்டர் பிளான். 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அதன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். சென்னைக்கான இரண்டாவது பிளான் 2008-ல் அமலுக்கு வந்தது. 2026 வரைக்குமான நம் தலையெழுத்து அது. நீங்கள் எழுதிப் போட்டீர்களா? நானும் போடவில்லை.

'அதெல்லாம் இன்ஜினீயருங்க வேலை. நமக்கு என்ன சார் தெரியும்?' என்பீர்கள். தெரியும். எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணி நின்றது, எந்த மதகு அடைத்துக் கிடக்கிறது, எந்த வாய்க்கால் மேல் காம்பவுண்ட் சுவர் நிற்கிறது... இதெல்லாம் உங்கள் தெரு இஸ்திரிக்காரருக்குக்கூடத் தெரியும். ஆபீஸ் மேப்புக்குத்தான் தெரியாது.

இன்னொன்று. அபார்ட்மென்ட் சங்கம் மட்டும் போய் உட்கார்ந்தால், 'குப்பையைப் பெருங்குடியில் கொட்டு' என்றுதான் சொல்லும். அங்கே இருப்பவனும் மனுஷன்தானே? குப்பத்து ஜனங்களும், ஏரிப் பாசன விவசாயியும், வாடகைக்குக் குடியிருப்பவரும் சேர்ந்து பேசினால்தான் அது ஊர்ப் பேச்சு.

மூன்றாவது பிளான் 2027 முதல் 2046 வரைக்கானது. இன்று ஒண்ணாம் கிளாஸ் படிக்கும் உங்கள் பேத்தி அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். அவள் போகும் வழியில் தண்ணி நிற்குமா என்பதை இந்தக் காகிதம்தான் தீர்மானிக்கும். வீட்டுப் பத்திரத்தை எடுத்து சர்வே நம்பரைப் பாருங்கள். மேப்பில் உங்கள் மனை என்ன கலர், பக்கத்து ஏரி என்ன கலர் என்று தேடுங்கள். தப்பாக இருந்தால், தெருவே சேர்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அதற்குப் பிறகும் தண்ணி வந்தால், திட்டுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு!