ஆய்வேட்டில் நம் கேள்விக்கு இடம் உண்டா?

எம்.எஸ்சி. உளவியல் படிப்பவர்கள் கடைசிப் பருவத்தில் தனியாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்பு எடுப்பது, வினாத்தாள் கொடுத்துத் தரவு திரட்டுவது, கணக்குப் போடுவது, பைண்டிங் செய்வது, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்வது எல்லாமே மாணவர் பொறுப்பு. காலனியிலிருந்து முதல் தலைமுறையாகப் போகும் பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். பணமும் ஆங்கிலமும் தடைதான். ஆனால், அவர்கள் கேட்க விரும்பும் கேள்வியைத் துறை கேள்வியாகவே மதிக்காததுதான் பெரிய தடை.

சாதி பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால், "அது சமூகவியல் ஆச்சே, உனக்கு நடுநிலை இருக்காதே" என்று பதில் வருகிறது. கடைசியில் கைப்பேசிப் பழக்கமும் தன்மதிப்பும் என்று ஏதோ ஒரு தலைப்பில் ஆய்வு முடிகிறது. ஐ.டி. ஊழியரின் மகன் ஐ.டி. ஊழியர்களின் மன அழுத்தத்தை ஆராய்ந்தால் அவன் நடுநிலையை யாரும் சந்தேகிப்பதில்லை!

அமெரிக்காவில் மேமி கிளார்க் என்ற கறுப்பினப் பெண் 1939இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் எழுதியதும் முதுகலை ஆய்வேடுதான். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தன்னைப் பற்றிய உணர்வு எப்படி உருவாகிறது என்பதே அவர் கேள்வி. பின்னர் கணவர் கென்னத் கிளார்க்குடன் செய்த பொம்மைச் சோதனைக்கு அதுவே அடிப்படை. கறுப்பு, வெள்ளை பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வு தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது.

உத்தரப் பிரதேச கிராமச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சாதி சொல்லப்படாதபோது இரு தரப்பும் ஏறத்தாழச் சமம். எல்லோர் முன்னிலையிலும் சாதியை வாசித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். இதைச் செய்தவர்கள் பொருளாதார ஆய்வாளர்கள் என்பதை உளவியல் துறைகள் கவனிக்க வேண்டும்.

ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோல் 1965ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, பத்தே வரிகள். மற்றவர்களுக்குச் சமமான மதிப்புள்ளவராக உங்களை நினைக்கிறீர்களா என்ற பொருளில் அதில் ஒரு வரி வரும். நம் தெருப் பையனிடம் கொடுத்தால், "எந்த மற்றவர்கள்? எங்க காலனி ஆளுங்களா, ஊர்க்காரங்களா?" என்று கேட்பான். இரண்டுக்கும் அவன் இரண்டு பதில் வைத்திருப்பான். அளவுகோலில் ஒரு பதிலுக்குத்தான் இடம். அந்தப் பையனின் கேள்வியே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். அதைக் கேட்கக் காது வேண்டும். அந்தக் காது நம் மாணவர்களுக்கு இருக்கிறது.

2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கையும் வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டும் பதினான்கு வயதுப் பையனின் மனதில் என்ன ஓடுகிறது? இதை உளவியல் மாணவர் ஆராயாமல் வேறு யார் ஆராய்வது?

இந்தத் தலைப்புகளை எடுப்பவர்கள் மூன்றாம் பருவத்திலேயே தொடங்குங்கள். என்ன கேள்வி, யாரிடம், எந்த அளவுகோல் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு நெறியாளரைப் பாருங்கள்; வெறும் ஆர்வத்தை மறுப்பது எளிது, எழுதிய திட்டத்தை மறுக்கக் காரணம் சொல்லியாக வேண்டும். வினாத்தாளைத் தமிழாக்கியதும், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ எழுதாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். அவமானத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவர் கலங்கினால் பேட்டியை நிறுத்திவிட்டு, டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தரவு எடுக்க அனுமதிக் கடிதம் வேண்டும். அது கைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகலாம், முதல் வேலையாக அதை அனுப்பிவிடுங்கள்.