திரும்பி வருவாயா, அம்மா?

மகளுக்குப் பிரசவம். அம்மா போக வேண்டும். இதற்கு யாருடைய அனுமதி வேண்டும், சொல்லுங்கள்? வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை. சம்பந்தியம்மாளிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டில் சாவி. சுக்கு, ஓமம், பூண்டு, பெருங்காயம் எல்லாவற்றையும் பையில் அடைத்துக் கொண்டு ரயில் ஏறிவிடுகிறோம்.

அதே காரியத்துக்காகத் தாய்லாந்திலிருந்து ஓர் அம்மாள் புறப்பட வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். மகள் வாழ்க்கைப்பட்டிருப்பதோ இங்கிலாந்தில். அப்போது அனுமதி தர வேண்டியவர் சம்பந்தியம்மாள் இல்லை. பிரிட்டிஷ் சர்க்காரின் அதிகாரி ஒருவர். அவர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததில்லை. அநேகமாகப் பார்க்கப் போவதுமில்லை. "மகள் மேல் உனக்குப் பாசம் உண்டா?" என்று அவர் கேட்க மாட்டார். "போனால் திரும்பி வருவாயா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

ஏன் தாய்லாந்தைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அந்த நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நம் வீட்டில் வாஸ்து பார்க்கிறவர் சொல்லும் ஈசானிய மூலை இருக்கிறதே, அதே சொல்தான்! உடோன் தானி, கோன் கேன் முதலிய ஊர்கள் அங்கே இருக்கின்றன. நெல் வயலும் எருமையும் கோவிலும் உள்ள கிராமங்கள். அந்தக் கிராமங்களிலிருந்து வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் அநேகர். அவர்களில் இங்கிலாந்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்களுடைய அம்மாக்கள் ஈசானில் நாற்று நட்டுக் கொண்டும், பாங்காக்கில் வேலை பார்க்கும் மற்றப் பிள்ளைகளின் குழந்தைகளை வளர்த்துக் கொண்டும் இருக்கிறார்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் அந்த ஊர்ப் பாட்டிக்கும் நம் பாட்டிக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. பிள்ளை பெற்றவளை அனல் அருகே படுக்க வைத்து, வெந்நீரிலேயே புழங்கச் செய்யும் பழைய வழக்கம் அங்கேயும் உண்டு. பால் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று வாழைப்பூவும் பூசணியும் போட்டு 'கேங் லியங்' என்ற காரக் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். அதைப் பக்குவமாக வைக்க, லண்டனில் இருக்கும் மகளுக்கு அம்மா வேண்டாமா?

இனி விஷயத்துக்கு வருவோம். பிரிட்டிஷ்காரர் ஒருவர் தாய்லாந்தின் கடற்கரையில் வெயில் காய வேண்டுமென்றால், கொஞ்ச நாள் உல்லாசப் பிரயாணத்துக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. தாய்லாந்துக்காரர் இங்கிலாந்துக்குப் போக வேண்டுமானால் விசா கட்டாயம். பக்கத்து நாடான மலேசியாவின் பிரஜைக்கு அது வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து, புறப்படுமுன் மின்னணு அனுமதி ஒன்று வாங்கிக் கொண்டால் போதும். அதற்குக் கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டு. தாய்லாந்துக்காரரின் விருந்தாளி விசாவுக்கோ அதே மாதத்தில் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாமும் அந்த அம்மாளின் வரிசையில்தான் நிற்கிறோம். ஆகையால் அவள் கதை நமக்கும் உபயோகப்படும்.

விருந்தாளி விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். மனுவை இணையத்தில் இங்கிலீஷில் பூர்த்தி செய்ய வேண்டும். பணமும் கட்டிய பிறகு, பாங்காக்கில் உள்ள மனு மையம் போன்ற இடத்துக்கு நேரில் போய்க் கைரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும். உடோன் தானியிலிருந்து பாங்காக் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இராத்திரி முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து போய் இறங்குகிற அம்மாள், தன் கதையை அங்கே யாரிடமாவது சொல்லலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவாள். அந்த மையத்தில் இருப்பவர்கள் கைரேகையை எடுப்பார்கள், காகிதத்தை வாங்குவார்கள். தீர்ப்புச் சொல்கிறவர் வேறு. அவர் சில சமயம் டெலிபோனில் கூப்பிட்டு விசாரிப்பதுண்டு; பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்து விடுகிறார்.

அவர் பார்ப்பது என்ன? சட்டத்தில் எழுதியிருக்கிறது. வந்தவர் தவணை முடிந்ததும் புறப்பட்டுப் போவாரா? அடிக்கடி வந்து வந்து அங்கேயே குடியிருப்பது போல ஆக்கிவிடுவாரா? சொன்ன காரியத்துக்காகத்தான் வருகிறாரா? வேலை செய்வது போன்ற, விருந்தாளிக்குக் கூடாத காரியத்தில் இறங்குவாரா? செலவுக்குப் பணம் இருக்கிறதா? எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்! அங்கேதான் நம் அம்மாளுக்குச் சங்கடம்.

அவளுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பாங்கிக் கணக்கு இருந்தால் அதில் நடமாட்டம் இராது. சேர்த்து வைத்ததெல்லாம் கழுத்திலும் கையிலும் தங்கமாக இருக்கும். அந்த ஊரில் நாணயத்துக்கும் 'பாட்' என்றுதான் பெயர், தங்க எடைக்கும் 'பாட்' என்றுதான் பெயர். ஒரு பாட் தங்கம் என்றால் சுமார் 15 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பாட் சங்கிலி போட்டிருக்கும் அம்மாள் ஊரில் கௌரவமானவள்தான். ஆனால் சங்கிலி பாங்கிப் புத்தகத்தில் ஏறுமா?

இந்த இடத்தில்தான் பலர் ஒரு யோசனை சொல்வார்கள். "மச்சானிடம் கைமாற்று வாங்கி ஒரு பெருந்தொகையைக் கணக்கில் போட்டுவிடு. விசா வந்ததும் திருப்பிக் கொடுத்து விடலாம்" என்று. வேண்டவே வேண்டாம். பாங்கிக் கணக்கை ஆறு மாதத்துக்கு வைப்பது வழக்கம். ஐந்து மாதம் வறண்டு கிடந்த கிணற்றில் ஆறாவது மாதம் திடீரென்று தண்ணீர் தளும்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உள்ளதைச் சொல்வதே மேல். செலவு மாப்பிள்ளையுடையது என்றால் அப்படியே எழுதட்டும். மாப்பிள்ளை ஒரு அழைப்புக் கடிதம் எழுதி, தம் சம்பளச் சீட்டு, பாங்கிக் கணக்கு, அம்மாள் தங்கப் போகும் வீட்டுக்கு ஆதாரம் எல்லாவற்றையும் இணைக்கட்டும். மகளின் பிரசவத் தேதி குறித்த ஆஸ்பத்திரிக் காகிதமும் இருக்கட்டும். பேரனைத் தூக்கி வைத்துக் கொண்டு மகளுக்கு ஒத்தாசை செய்வதைக் கொஞ்ச நாள் வந்த பாட்டிக்கு யாரும் தடுக்கவில்லை. சம்பளத்துக்கு ஆயா வேலை பார்ப்பதுதான் கூடாது.

ஆனால் ஒன்றை மறந்து விடாதீர்கள். மாப்பிள்ளையின் பணம் 'செலவுக்கு என்ன வழி?' என்ற கேள்விக்குத்தான் பதில். 'திரும்பி வருவாளா?' என்பதற்கு அது பதில் ஆகாது. பெரும்பாலோர் முதல் கேள்விக்கு ஒரு கட்டுக் காகிதம் வைத்துவிட்டு, இரண்டாவதற்கு ஒன்றுமே வைப்பதில்லை.

அந்த அம்மாளிடம் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. மகளுக்கு ஆகஸ்டு கடைசியில் பிரசவம் என்று வைத்துக் கொள்வோம். மழை பெய்து நடவு முடிந்த பிறகு அவள் புறப்படுகிறாள். நவம்பரில் கதிர் முற்றி அறுப்புக்கு வந்து விடும். அறுப்புக்கு அவள் இல்லாவிட்டால் முடியுமா? நிலம் அவள் பெயரில் இருந்தால் 'சனோட்' என்னும் பட்டா இருக்கும். உச்சியில் சிவப்புக் கருட முத்திரை போட்டது. வீட்டிலே யார் யார் இருக்கிறார்கள் என்று சர்க்கார் பதிந்து கொடுக்கும் நீல அட்டைப் புத்தகம் இருக்கும். அதில் வயதான கணவர் பெயரும், அவள் வளர்க்கும் பேரப் பிள்ளைகள் பெயரும் இருக்கும். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்று வாங்கலாம். இவற்றை எல்லாம் வைத்து, 'நான் இன்ன தேதி வருகிறேன், இன்ன காரணத்துக்காக இன்ன தேதி திரும்புகிறேன்' என்று ஒரு பக்கத்தில் ஒரு கடிதம். அவளுடைய ஒரு நாள் வேலையை அவளே எழுதினால், அதைவிடப் பெரிய ஜாமீன் வேறு என்ன?

இங்கே இன்னொரு வேடிக்கை. இங்கிலீஷிலோ, வேல்ஸ் நாட்டு மொழியிலோ இல்லாத தஸ்தாவேஜுகளை மொழிபெயர்த்து வைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதி, தேதியும் பெயரும் கையெழுத்தும் விலாசமும் கொடுக்க வேண்டும். தாய்லாந்துக் காகிதத்தில் போட்டிருப்பது புத்த வருஷம். நாம் சொல்லும் வருஷத்தைவிட 543 கூடுதல். 2025 அங்கே 2568! அதை மாற்றாமல் மொழிபெயர்த்து வைத்தால், அம்மாள் இன்னும் ஐந்நூறு வருஷம் கழித்துப் பிறக்கப் போகிறாள் என்று ஆகிவிடும்.

பெயரிலும் குழப்பம் உண்டு. 1913-ல் மன்னர் வஜிராவுத் சட்டம் போட்ட பிறகுதான் அங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் வந்தது. வீட்டில் கூப்பிடுவதோ வேறு: சின்னவள், பறவை, இறால் என்று அர்த்தம் வரும் செல்லப் பெயர்கள். இதற்கு மேல், கிரகம் சரியில்லை என்று தாலுக்கா ஆபீஸில் பெயரை மாற்றிக் கொள்வதும் அங்கே சர்வ சாதாரணம். பட்டாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால் அதிகாரிக்கு இருவரும் ஒருவரே என்று எப்படித் தெரியும்? பெயர் மாற்றிய சான்றிதழையும் மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும். மனுவில் 'வேறு பெயர் உண்டா?' என்று கேட்ட இடத்தில் மறைக்காமல் எழுத வேண்டும்.

நாள் கணக்கும் பார்க்க வேண்டும். பிரயாணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் மனுப் போட முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். ஆகஸ்டு நடுவில் புறப்பட வேண்டியவள் மே நடுவிலேயே ஆரம்பித்து விடுவது புத்திசாலித்தனம். விசா கைக்கு வருமுன் திருப்ப முடியாத விமான டிக்கெட்டை வாங்கி வைக்க வேண்டாம்.

அப்படியும் 'இல்லை' என்று வந்துவிட்டால்? காரணம் எழுதி அனுப்புவார்கள். முன்பெல்லாம் குடும்பத்தாரைப் பார்க்கப் போகிறவருக்கு அப்பீல் செய்யும் பாத்தியதை இருந்தது. 2013 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். கட்டின பணம் திரும்பாது. அந்தக் காரணத்துக்குத் தக்க ஆதாரம் தேடிப் புதிதாக மனுப் போடலாம். முன்னால் மறுத்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'நிச்சயம் விசா வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கிற தரகர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பி விடுங்கள். நிச்சயம் என்று சொல்ல எவராலும் முடியாது. அவர் பொய்க் காகிதம் செய்து கொடுத்து அகப்பட்டால், பத்து வருஷம் வரை கதவு அடைபட்டுப் போகும். பத்து வருஷத்தில் பேரன் நாலாம் வகுப்பைத் தாண்டிவிடுவான்!

'அங்கேயே மகளோடு இருந்துவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அந்த வழி 2012 ஜூலையிலிருந்து மிகமிகக் குறுகிவிட்டது. தன் காரியத்தைத் தானே செய்து கொள்ள முடியாத நிலைமையில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டிய பராமரிப்பு, மகள் பணம் அனுப்பினாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்று ருசுப்படுத்த வேண்டும். நடமாடிக் கொண்டிருக்கும் அம்மாவுக்கு அது பலிக்காது. மனைவியாகப் போன மகளுக்கே சுலபமாக இருக்கவில்லை. கணவருக்கு வருஷத்துக்கு 18,600 பவுண்டு வருமானம் என்று இருந்த நிபந்தனை, 2024 ஏப்ரலில் 29,000 ஆயிற்று. ஆகவே அம்மாவுக்கு உள்ளது விருந்தாளிக் கதவு ஒன்றுதான். அதனால்தான் அதைச் சரியாகத் தட்ட வேண்டும் என்று இவ்வளவு சொன்னேன்.

சகோதரிகளே, அந்த ஈசான் அம்மாளின் கையில் நாற்பது வருஷ உழைப்பு இருக்கிறது. நட்டாள், அறுத்தாள், பிள்ளைகளை வளர்த்தாள், பிள்ளைகளின் பிள்ளைகளையும் வளர்க்கிறாள். எதற்கும் ரசீது இல்லை. உத்தியோகம் பார்க்கிறவருக்கு ஒரு வரிக் கடிதம் போதும். அவளுக்கோ பட்டாவைத் தேட வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். அந்தப் பட்டா கணவர் பெயரிலேயே இருந்தால் இன்னும் சிரமம்.

நம் வீட்டுச் சமாசாரம் மட்டும் என்ன? இன்று மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பீரோவைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பத்திரம், பாங்கிப் புத்தகம், காஸ் ரசீது, வரி ரசீது. உங்கள் பெயர் எத்தனை காகிதத்தில் இருக்கிறது? எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா? உங்கள் பெயரில் ஒரு கணக்கு இல்லாவிட்டால், மாதா மாதம் மிச்சம் பிடிப்பதைப் போட்டு வைக்க இந்த வாரமே ஒன்று ஆரம்பியுங்கள். மகள் சீமைக்குப் போகிறாளோ இல்லையோ, அது வேண்டியிருக்கும்.