ஒரு தொட்டிக்குப் பத்து வருஷம்

வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படும் பையன்கள் கேட்பது இரண்டே கேள்வி. எந்த லைட்? எந்தத் தொட்டி? எல்.இ.டி.யா, சோடியம் விளக்கா? மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா, துணிப்பையா? ரோஜாவுக்கு இல்லை சார், கஞ்சாவுக்கு. நிலம் வேண்டாம், மழை வேண்டாம், ஒரு பெட்ரூம் போதும். எந்த செக்‌ஷன் என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

கற்பனை இல்லை. 2023 ஜூனில் கர்நாடகாவின் சிவமொக்காவில், வாடகை வீட்டுக்குள் வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் கைதானார்கள். 2024 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு ஃபிளாட்டிலிருந்து தொட்டி தொட்டியாக எடுத்தது போலீஸ்.

லைட் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுவோம். நான் பி.காம். ஆசாமி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 600 வாட் விளக்கு தினம் 18 மணி நேரம் எரிந்தால் 10.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 648. ஆரணியில் பட்டு நெய்கிறவருக்கு அரசு தரும் இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்து, 2023-ல்தான் 300 ஆனது. ஒரு கைத்தறிக் குடும்பத்துக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஒற்றை விளக்குக்கு! ஏ.சி., ஃபேன் எல்லாம் தனி.

அதே ஆரணியிலிருந்து போளூர் பக்கம் திருமலைக்குப் போயிருக்கிறீர்களா? குந்தவை பெயரில் ஜினாலயம், பதினாறு அடி நேமிநாதர். அவசியம் பார்க்க வேண்டிய இடம். அதற்கு மேற்கே ஜவ்வாது மலை. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த மலையில் லைசென்ஸ் கொடுத்தே கஞ்சா பயிரிட விட்டார்கள், வரியும் வசூலித்தார்கள். வெயிலிலும் மழையிலும் வளர்ந்த செடி. அதற்குத்தான் இன்றைக்கு ஏ.சி. ரூம்.

போகட்டும், அவரவர் கரண்ட் பில். சட்டத்துக்கு வாருங்கள்.

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20-வது பிரிவு. ஒருவர் பாக்கெட்டில் 900 கிராம் கஞ்சா இருந்தால் அது 'சிறிய அளவு'. ஒரு கிலோ வரைக்கும் அப்படித்தான். அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே ஆள் பூந்தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்திருந்தால்? பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு தொட்டிக்கும் ஒரு ஏக்கருக்கும் ஒரே வரம்புதான். கஞ்சாவுக்குக் கிலோக் கணக்கு வைத்த சட்டம், செடிக்கு எண்ணிக்கை வைக்க மறந்துவிட்டது. 'ஒரு கிலோவுக்குக் கீழேன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க மச்சி' என்று தைரியம் சொல்கிற நண்பனுக்கு இது தெரியாது. இலை மட்டும் தனியாக இருந்தால் சட்டப்படி அது கஞ்சாவே இல்லை. ஆனால் அந்த இலையைத் தாங்கி நிற்கும் செடி குற்றம்!

இதன் அர்த்தம் என்ன? வளர்க்காதே, வியாபாரியிடமே போய் வாங்கு என்று சட்டமே வழி காட்டுகிறது. அந்த வியாபாரிக்குப் பின்னால் யார், பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது, அந்தப் பணம் எங்கே போகிறது? நமக்கு நிஜமாகவே பயம் தர வேண்டியவை இவைதானே?

"அப்ப நீ கஞ்சாவுக்கு வக்காலத்தா?" என்று கடிதம் போடத் தயாராகிறவர்களுக்கு: இல்லை. பதினேழு வயசுப் பையன் தினம் இழுத்தால் மூளைக்கு நல்லதில்லை, சிலருக்கு மனநோய் வரைக்கும் போகும். விற்கிறவனைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தொட்டி வைத்த முட்டாள்தனத்துக்கு ஒருவனுடைய இருபதுகளை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. நீதிபதி குறைத்துக் கொடுப்பார் என்கிறீர்களா? கொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம். அதற்குள் ஜாமீன், வக்கீல் ஃபீஸ், நின்றுபோன படிப்பு.

இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் செடி வளர்த்தவருக்கு ஐந்து வருஷம்தான். தண்டனையை அளவுக்குத் தக்கபடி மாற்றுகிறோம் என்று 2001-ல் திருத்தினார்கள். பொட்டலக்காரருக்கு ஆறு மாதமாக இறக்கினார்கள், தொட்டிக்காரருக்குப் பத்து வருஷமாக ஏற்றினார்கள். 2014-ல் அந்த ஆறு மாதம் ஒரு வருஷமானது. 2021-ல் இன்னொரு திருத்தம். தொட்டிகளை எண்ண வேண்டும் என்று எந்தத் திருத்தத்திலும் ஒரு வரி சேர்க்கவில்லை.

ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி.யிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 'போதையில்லாத் தமிழகம்' என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.