காலை உணவும் கணக்கும்

சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் பலர் இன்று வீட்டிலேயே குளுக்கோமீட்டர் வைத்திருக்கின்றனர். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துவிட்டு அதை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். வங்கியில் காலம் கழித்த எனக்கு, இது தொடக்க இருப்பை மட்டும் எழுதிப் பேரேட்டை மூடுவது போலத் தோன்றும். காலை உணவு உடலில் என்ன செய்தது என்று அறிய, உண்பதற்கு முன் ஒருமுறையும், முதல் கவளம் உண்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பார்க்க வேண்டும்.

பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180க்குள்ளும் இருப்பதே இலக்கு. முதியோர்க்கு மருத்துவர்கள் இதைச் சற்றுத் தளர்த்துவதுண்டு; தங்களுக்குரிய எண்ணை அவரிடமே கேட்டறிக.

கேழ்வரகுக் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது என்று கேட்டுப் பெரிய குவளை நிறையப் பருகுவோர் உண்டு. மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய எத்தானியமும் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். கேழ்வரகும் அதற்கு விலக்கன்று. பருப்பு மிகுந்த அடையும் பச்சைப்பயறு தோசையும் அவ்வளவு விரைந்து உயர்த்துவதில்லை. இட்லியைத் துறக்க வேண்டியதில்லை. நான்கை இரண்டாக்கி, முதலில் ஒரு கிண்ணம் சுண்டல் உண்டு, பிறகு காய் நிறைந்த சாம்பாருடன் இட்லியை உண்டு பாருங்கள். ஒவ்வோர் உணவையும் இரண்டு மூன்று நாட்கள் சோதித்து, உண்ட அளவையும் இரு எண்களையும் எழுதி வைத்தால், எது தமக்கு ஒத்துவருகிறது என்பது தெரிந்துவிடும். கோயிலில் பெறும் சர்க்கரைப் பொங்கலும் இக்கணக்கில் சேரும். பிரசாதத்திற்கு ஒரு கவளம் போதுமே!

சோதிக்குமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால் எண் பொய்யாக உயரும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்டிரிப் குப்பியை உடனே மூடுக. ஈரக்காற்று அதைக் கெடுக்கும். கணவன் மனைவியேயானாலும் ஒருவர் ஊசியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

உயர்வைவிட நான் அதிகம் அஞ்சுவது தாழ்வையே. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உண்ணாமல் தரிசன வரிசையில் நிற்பவர்க்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் தோன்றும். பசி மயக்கம் என்று அருகிலிருப்போர் விட்டுவிடுவர். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். ஏகாதசி விரதம் இருப்போர், அன்று எம்மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதைச் சில நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவைக்கலாம்.